நான்கு பேர் என்று சொன்ன படகு

போன மாதம் ஒருவர் எனக்குப் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு கம்பெனியில் என் இடத்துக்கு வந்தவர். "சார், இப்பல்லாம் புரொப்பெல்லர் பாக்க நாம கடலுக்கே போக வேணாம். படகு எவ்ளோ நீளம், எஞ்சின் எத்தனை குதிரை சக்தி, எத்தனை பேரு போவாங்கன்னு கம்ப்யூட்டர்ல அடிச்சா போதும். எந்த சைஸ் மாட்டணும்னு அதுவே சொல்லிடுது" என்றார். குரலில் அவ்வளவு நிம்மதி.

நான் கேட்டது ஒன்றுதான். "எத்தனை பேருன்னு அதுக்கு யாருப்பா சொல்றது?"

"கஸ்டமர்தான் சார்."

போனை வைத்த பிறகும் மனசு கேட்கவில்லை. "இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற?" என்று என் மனைவி கேட்டாள். போனில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பிறவியிலேயே சந்தேகக்காரன். பால்காரர் ஊற்றுவதற்கு முன் அளவுக் குவளையைக் கவிழ்த்து அடியில் நசுங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். மாதவரத்தில் பஸ் ஏறும்போது கண்டக்டர் சொன்ன ஊரை டிரைவரிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்வேன். இந்தக் குணத்துக்காக வீட்டில் திட்டு வாங்காத நாள் இல்லை. வேலையில் மட்டும் இதற்காக நல்ல பெயர் வாங்கினேன்.

வியாசர்பாடியில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, ஸ்கூட்டர் பட்டறையில் கொஞ்ச காலம் கை கறுத்து, கடைசியில் ராயபுரத்தில் படகு எஞ்சின் விற்கும் ஒரு கம்பெனியின் சர்வீஸ் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்கள்தான் எங்கள் பிழைப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் கட்டுமரக்காரர்கள் ஒவ்வொருவராக ஃபைபர் படகுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. பட்டறை எப்போதும் நிறைந்திருக்கும்.

அங்கே சர்வீஸ் மேனேஜர் சாமுவேல் சார். சாத்தான்குளம் பக்கத்துக்காரர், ஒல்லி, வெள்ளைச் சட்டையை முழங்கை வரை மடித்திருப்பார். சந்தேகத்தில் எனக்கே அண்ணன். எஞ்சின் சுற்றை அளக்கும் மீட்டரை ஒரு துவாலையில் சுற்றி அவரேதான் எடுத்து வருவார், இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார். படகுக்காரர் டீ வாங்கிக் கொடுத்தால், அறிக்கையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் குடிப்பார். அதற்குள் அது ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கும்.

எந்தக் கேள்வியையும் அவர் ஒரு தடவையோடு விடுவதில்லை. "எத்தன பேரு போவீய?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து எஞ்சின் மூடியைத் துடைத்துக்கொண்டே, "காலைல எத்தன சோத்துத் தூக்கு கொண்டு போவீய?" என்பார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மீனை எத்தன பங்கா வைப்பீய?" என்பார். மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால்தான் எண்ணை மை பேனாவால் எழுதுவார். அதுவரை பென்சில்தான்.

புரொப்பெல்லரில் குத்தியிருக்கும் எண்ணையும் அவர் நம்ப மாட்டார். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மரத்தில் திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினால் அது இவ்வளவு தூரம் உள்ளே இறங்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறதல்லவா, புரொப்பெல்லருக்கும் அப்படி ஒன்று உண்டு. ஒரு சுற்றுக்குத் தண்ணீரில் இத்தனை அங்குலம் முன்னே போகும் என்பது. அதற்குப் பிட்ச் என்று பெயர். பிட்ச் அதிகமானால் வெறும் படகு பறக்கும். ஆனால் சுமை ஏறியதும், லாரியை டாப் கியரிலேயே மேம்பாலம் ஏற்றியதுபோல எஞ்சின் திணறும். பிட்ச் குறைவானால் எஞ்சின் வீணாகக் கத்தும், படகு நகராது. வழக்கமான சுமையோடு கடலில் முழு வேகம் கொடுத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று கம்பெனி ஒரு வரம்பு கொடுத்திருக்கும். சுற்று அதற்குள் வந்தால் அதுதான் சரியான புரொப்பெல்லர். குறைந்தால் பிட்சை ஓர் அங்குலம் இறக்க வேண்டும், மிஞ்சினால் ஏற்ற வேண்டும். படிக்காதவருக்கும் புரிகிற கணக்குதான்.

ஒரு தடவை காசிமேட்டிலிருந்து ஒருவர் எஞ்சின் உதறுகிறது என்று வந்தார். பாறையில் அடித்து, வெளிப் பட்டறையில் நிமிர்த்திய புரொப்பெல்லர் அது. பத்து என்று எண் தெளிவாக இருந்தது. சாமுவேல் சார் அதை மேஜையில் படுக்க வைத்தார். அடியில் ஒரு காகிதத்தை விரித்து, முழு வட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு இரண்டு கோடு போட்டார். இறக்கை அந்த இரண்டு கோட்டுக்கு நேராக வரும் இடங்களில் மேஜையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஸ்கேல் வைத்து அளந்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்தால் பெருக்கினால் பிட்ச். மூன்று இறக்கையும் மூன்று கணக்குச் சொன்னது. ஒன்று ஒன்பது, ஒன்று பத்து, ஒன்று பதினொன்று. "நம்பரைச் சுத்தியலால யாரும் குத்தலாம். இறக்கையத்தாம் கேக்கணும்" என்றார். அந்த அளவெடுப்பை அவரிடமிருந்து கற்றுக்கொண்ட நாளில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. இனி என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுனாமிக்கு மறு வருடம். எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்துக்கு ஒரு தொண்டு நிறுவனம் புதுப் படகுகள் கொடுத்தது. ஒரு படகுக்கு நான்கு பங்காளிகள். எஞ்சின்கள் எங்களுடையவை. படகு படகாக ஓட்டிப் பார்த்து, புரொப்பெல்லரை முடிவு செய்து, உத்தரவாத அட்டையில் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. சாமுவேல் சார் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார்.

அதில் ஒரு படகின் தலைவர் கன்னியப்பன். அகன்ற மார்பு, யார் பேசினாலும் நடுவில் வெட்டிப் பேசும் குரல். அவருடைய தங்கையைக் கட்டியவர் மோகன், அதே படகில் ஒரு பங்காளி. எண்ணெய், மண்ணெண்ணெய் வாங்கிக் கலந்து ஊற்றுவது அவர் வேலை. அந்த எஞ்சினில் எரிபொருளோடு எண்ணெயைக் கலந்துதான் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் உள்ளே உராய்ந்து பிடித்துக்கொள்ளும். மோகன் அதிகம் பேச மாட்டார். கேட்டதற்குத் தலையை ஆட்டுவார்.

"எத்தனை பேரு போவீங்க?" என்று கேட்டேன்.

"நாலு பேருதான் சார். நாலு பேருக்குத்தான குட்த்துகீறாங்க?" என்றார் கன்னியப்பன்.

எழுதிக்கொண்டேன். மை பேனாவால்.

"வலை ஏத்தலியா?"

"பூசை போடாம புது படகுல வலைய வெக்க மாட்டோம் சார். வலை இன்னா பெரிய வெயிட்டு? நீ ஓட்டிப் பாரு."

ஓட்டிப் பார்த்தோம். ஒன்பது அங்குலப் புரொப்பெல்லரில் மீட்டர் ஐயாயிரத்து இருநூறு காட்டியது. நாலாயிரத்து ஐந்நூறிலிருந்து ஐயாயிரத்து ஐந்நூறு வரை இருக்கலாம் என்பது வரம்பு. கச்சிதம். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது. ஏலத்துக்கு மற்றவர்களுக்கு முன்னால் கரை சேரலாம் என்று அவர்களுக்கும் சந்தோஷம். நான் அன்று மீட்டரின் ஒயரைச் சந்தேகப்பட்டு இரண்டாவது தடவை கழற்றி மாட்டினேன். புரொப்பெல்லரைக் கழற்றிப் பிட்சை அளந்தேன். சந்தேகப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

மூன்று மாதத்தில் அந்த எஞ்சின் கடலில் நின்றுபோனது. பக்கத்துப் படகு கட்டி இழுத்து வந்தது. பட்டறைக்கு வந்ததும் சிலிண்டர் தலையைக் கழற்றினேன். பிஸ்டன் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணூர்த் தண்ணீர் அல்லவா, அனல்மின் நிலையத்துச் சாம்பல் குளிர்நீர்க் குழாயை அடைத்திருக்குமோ என்று பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அப்படியானால் எண்ணெய்தான். படகுக்காரர்கள் எண்ணெயில் கைவைப்பது எனக்குப் புதிதா என்ன? டேங்கின் அடியில் மிச்சம் இருந்ததை விரலில் தொட்டு முகர்ந்தேன். எண்ணெய் குறைவாக இருந்ததுபோல் பட்டது. பட்டது என்று நினைத்தேன் என்பதுதான் உண்மை. கீழ்ப் பாதியைப் பிரிக்கவே இல்லை. 'எண்ணெய் கலப்பு போதாது. உத்தரவாதம் செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படி நான் எழுதுவது முதல் தடவையும் இல்லை. அப்படி எழுதினால் மேலிடத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து மோகன் பட்டறைக்கு வந்தார். உள்ளே வரவில்லை, கேட் அருகே நின்றார். நான்தான் போனேன்.

"சார், நீ எழுதுனத தொண்டு நிறுவனத்துக்காரங்க கூட்டத்துல படிச்சாங்க. ஆயிலு கம்மின்னு. ஆயிலு வாங்குறவன் நான்தான?"

நான் கையிலிருந்த கறையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆயில வித்துட்டு மண்ணெண்ணெய மட்டும் ஊத்திகீறேன்னு என் மச்சானே எல்லார் எதிர்லயும் சொல்லிட்டாரு. படகுல ஏறாதன்னு சொல்லிட்டாங்க. என் பொண்டாட்டி அவரு கூடப் பொறந்தது, அதுவே ராவுல என்ன உத்துப் பாக்குது சார். நான் ஆயிலு வித்தத நீ பாத்தியா?"

"எஞ்சின் அப்படித்தான் சொல்லுது மோகன்" என்றேன்.

"எஞ்சினு பேசுமா சார்? நீதான பேசுன."

என் முகத்தில் எச்சில் துப்பியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது. கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவன் நியாயம் பேசுகிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன். திரும்பினால் பின்னால் சாமுவேல் சார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"குணா, அந்த எஞ்சினைப் பெஞ்சுல ஏத்து" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் பிரித்தேன். பிஸ்டனை வெளிச்சத்தில் பிடித்தார். மேல்முகம் புழு அரித்ததுபோல் குழி குழியாக இருந்தது. வளையம் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது. பிறகு நான் பிரிக்காமல் விட்ட கீழ்ப் பாதியைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே, பிஸ்டன் சுழற்றும் தண்டைத் தாங்கும் பேரிங்குகள். எண்ணெய் இல்லாத எஞ்சினில் முதலில் காய்ந்து நீலம் பாய்வது அவைதான். சாமுவேல் சார் சுட்டுவிரலை உள்ளே விட்டு எடுத்து என் கண்ணுக்கு நேரே நீட்டினார். விரல் வழவழவென்று மின்னியது.

"எண்ணெயே ஊத்தாத எஞ்சின்ல இது எங்கேருந்துய்யா வந்துச்சு?"

அப்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை. அது அவர் வழக்கமே இல்லை.

"இது திணறிச் செத்த எஞ்சின். சுமையத் தாங்காம உள்ளேயே வெடிச்சு வெடிச்சு மேல்முகத்தைத் தின்னிருக்கு. எத்தன பேருன்னு எத்தன தடவ கேட்ட?"

"ஒரு தடவ சார்."

மறுநாள் விடிகாலையில் குப்பத்துக்குப் போனோம். பிஸ்டனும் பேரிங்கோடு கூடிய தண்டும் ஒரு கோணிப்பையில் இருந்தன. வண்டியில் எங்கள் பட்டறையின் மாற்று எஞ்சின் ஒன்றும், ஒன்பது அங்குலத்தில் ஒன்று, ஏழு அங்குலத்தில் ஒன்று என்று இரண்டு புரொப்பெல்லர்களும்.

கரையில் கன்னியப்பன் இருந்தார். ஆட்கள் கூடினார்கள். மோகன் தள்ளி நின்றார். "எண்ணெயில் தப்பில்லை, நான் எழுதியதுதான் தப்பு" என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத்தான் தெரியும்.

ஒருவரும் நம்பவில்லை. அதுதான் வேடிக்கை. திருடன் என்று நான் எழுதியபோது ஒரு கேள்வி இல்லாமல் நம்பியவர்கள், திருடன் இல்லை என்று நேரில் வந்து சொன்னபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மோகன்கிட்ட எவ்ளோ வாங்குன சார்?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

"அன்னிக்கு ஒண்ணு எய்துன, இன்னிக்கு ஒண்ணு சொல்ற. நாளைக்கு இன்னா சொல்லுவ?" என்றார் கன்னியப்பன். அதில் நியாயம் இருந்தது.

நான் தண்டைக் கோணியிலிருந்து எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். "தொட்டுப் பாருங்க" என்றேன். அவர் விரலை விட்டார். தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். அந்தக் கைகளுக்கு எண்ணெய் எது, மண்ணெண்ணெய் எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தவர் வாங்கித் தொட்டார். தண்டு கை மாறி மாறிப் போயிற்று. சிரிப்பு நின்றது. ஆனால் கன்னியப்பன் மட்டும், "அப்ப இன்னாத்துக்கு நின்னுச்சு?" என்று என்னை முறைத்தார்.

இவ்வளவு நேரமும் சாமுவேல் சார் மணலில் ஏற்றியிருந்த படகைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். முகத்துவாரத்துத் தண்ணீரில் சாம்பலும் எண்ணெய்க் கழிவும் மிதக்கும். தண்ணீர் எதுவரை தொடுகிறதோ அதுவரை படகின் மேல் ஒரு சாம்பல் நிறக் கோடு விழுந்துவிடும். தேய்த்தாலும் போகாது. அந்தக் கோட்டில் அவர் விரலை வைத்தார். கன்னியப்பனைக் கூப்பிட்டார்.

"ஐயா, நாலு பேரோட நின்னா தண்ணி இந்தக் கோட்டுக்கு நாலு விரல் கீழே நிக்கும். இந்தக் கோடு வரைக்கும் யாரு அமுக்குனா?"

கன்னியப்பன் கோட்டைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். மோகன்தான் வாயைத் திறந்தார்.

"ஆறு பேரு போறோம் சார். ரெண்டு வலை."

"நீ சும்மா கெட" என்றார் கன்னியப்பன், ஆனால் வேகம் இல்லை. பிறகு அவரே சொன்னார். லிஸ்டில் பெயர் விட்டுப்போய்ப் படகு கிடைக்காத இரண்டு வீட்டு ஆட்களையும் அவர் தன் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான்கு பேருக்கு மேல் ஏறினால் படகைத் திருப்பி வாங்கிக்கொள்வோம் என்று தொண்டு நிறுவனம் சொல்லியிருந்தது. எஞ்சின் கம்பெனியிலிருந்து வந்த என்னை அவர்களுடைய ஆள் என்று நினைத்துவிட்டார். யார் கேட்டாலும் நாலு என்று சொல்லச் சொன்னது அவர்தான். பூசை என்று சொல்லி வலையை இறக்கியதும் அவர்தான்.

"உன்ன நம்பாமதான் சார் சொல்லல" என்றார். நானும் அவர்களை நம்பாமல்தான் எண்ணெய் என்று எழுதினேன். இரண்டு அவநம்பிக்கைக்கும் நடுவில் சிக்கியது மோகன்.

அன்று ஆறு பேர், இரண்டு நனைந்த வலை, ஐஸ் பெட்டி, மண்ணெண்ணெய் கேன்கள் என்று உள்ளதை உள்ளபடி ஏற்றிப் படகை இறக்கினோம். தண்ணீர் சரியாக அந்தச் சாம்பல் கோட்டில் நின்றது. ஒன்பது அங்குலத்தில் முழு வேகம் கொடுத்தோம். மீட்டர் நாலாயிரத்து நூறோடு நின்றுவிட்டது, எஞ்சின் திணறியது. கரைக்கு வந்து ஏழு அங்குலத்தை மாட்டினோம். நாலாயிரத்து அறுநூறு. சத்தமே மாறியது. "வெறும் படகா போறப்ப முறுக்காதீய, அப்ப இது எகிறும்" என்று சாமுவேல் சார் எல்லோருக்கும் சொன்னார். முன்னைப்போலப் பறக்காது என்று யாரோ முணுமுணுத்தார்கள். கன்னியப்பன் அவரை ஒரு பார்வை பார்த்தார், முணுமுணுப்பு அடங்கியது.

அறிக்கையை நான் மாற்றி எழுதினேன். 'புரொப்பெல்லர் தேர்வில் எங்கள் தவறு' என்று சாமுவேல் சார் சொன்ன வாசகம். ஆறு பேர் என்ற எண்ணை அவர் அதில் எழுத விடவில்லை, 'கூடுதல் வலைச் சுமை' என்று மட்டும் எழுதச் சொன்னார். பொய் எழுதச் சொல்லும் சாமுவேல் சாரை அன்றுதான் பார்த்தேன். எஞ்சின் மாற்றிக் கொடுக்கப்பட்டது. எனக்கு ஒரு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். மோகன் மறுபடி படகில் ஏறினார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நம்பினேன்.

ஐந்தாறு மாதம் கழித்து, வேறொரு படகைப் பார்க்க அதே குப்பத்துக்குப் போயிருந்தேன். கன்னியப்பன் படகு புறப்படத் தயாராக நின்றது. மோகன் மண்ணெண்ணெய் கேனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் சீல் உடைக்காத எண்ணெய் டப்பா. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், ஏதோ தினசரி வழக்கம்போல. கன்னியப்பன் மட்டும் வலையைக் கட்டுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஊத்துடா. யாரு உன்ன இப்ப கேட்டா?"

"நீ பாரு மச்சான். நீ பாத்தாதான் ஊத்துவேன்."

கன்னியப்பன் திரும்பவில்லை. மோகனும் டப்பாவை இறக்கவில்லை. மற்ற நான்கு பேரும் படகில் காத்திருந்தார்கள். கடைசியில் கன்னியப்பன் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் அவர் கண் கலங்கியது எனக்கே தெரிந்தது. மோகன் சீலை உடைத்து ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். அப்புறம்தான் தூரத்தில் நின்ற என்னைக் கவனித்தார்.

"சார், நீயும் வந்து பாத்துக்கோ" என்றார்.

குரலில் குத்தல் எதுவும் இல்லை. மற்றவர்களைக் கூப்பிட்டதுபோலத்தான் என்னையும் கூப்பிட்டார். நான் மணலில் நடந்து போய், டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.